தோளைப் பற்றி மூன்று பக்கம், மாதவிடாயைப் பற்றி ஒரே வரி

வாசகருக்கு வயது 21. நான்கு ஆண்டுகளாகப் பளு தூக்குகிறார். 58 கிலோ பிரிவில் இரண்டு பதக்கங்கள் வாங்கியிருக்கிறார். சென்ற ஆண்டு ஒரு குடும்ப நிகழ்ச்சியில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, "பின்னாலிருந்து பார்த்தால் பையன் என்று நினைத்துவிட்டேன்" என்று சித்தி சொல்லியிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அம்மா, "போதும், விட்டுவிடு. இந்த உடம்போடு உன்னை யார் கட்டிக்கொள்வார்கள்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார். பயிற்சியாளரோ 53 கிலோ பிரிவுக்கு இறங்கச் சொல்கிறார். செல்பேசிச் செயலி ஒன்று இவருடைய 154 செ.மீ. உயரத்துக்கு 58 கிலோ என்பது அதிக எடைக்குப் பக்கத்தில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறது. மூன்று பக்கத்து நெருக்கடியில் எட்டு மாதமாகச் சாப்பாட்டைக் குறைத்து, மாலையில் ஒரு மணி நேரம் ஓடவும் செய்கிறார். இப்போது எடை 55.

ஐந்து மாதமாக மாதவிடாய் வரவில்லை. மருந்துக்கடையில் வேலை செய்யும் தோழி கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டதும் ஒரு முறை வந்தது, அப்புறம் இல்லை. பயிற்சிக்கூடத்தில் மூத்த வீராங்கனை ஒருவர் "எடை இறங்க" என்று கொடுத்த மாத்திரை அட்டை, பிரிக்கப்படாமல் பையில் இருக்கிறது. இவர் கேட்பவை: பளு தூக்கியதால் ஆண் ஹார்மோன் ஏறிவிட்டதா? நிறுத்தினால் தசையெல்லாம் கொழுப்பாகிவிடுமா? பின்னால் குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா? தோள் மறுபடி சிறிதாகுமா? விட்டுவிடுவதா, தொடர்வதா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தோளின் அகலம், மேற்கையில் இறுகிப் பிடிக்கும் சட்டைக் கை, காரை எலும்பின் மேல் இரும்புக் கம்பி அழுத்திய தழும்பு என்று மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் ஓரத்தில் சாய்த்து எழுதிய வரி இது: "பீரியட்ஸ் ஐந்து மாதமாக இல்லை, கடுமையாகப் பயிற்சி செய்தால் அப்படித்தானாம்." விளையாட்டு மருத்துவராக நான் பதில் சொல்ல வேண்டிய முதல் வரி அதுதான். அதனால் உங்கள் வரிசையைத் தலைகீழாக்குகிறேன். தோளுக்கு அப்புறம் வருவோம்.

ஐந்து மாதம் வராமல் இருப்பது

ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் காரணம் தேட வேண்டும் என்பது மருத்துவத்தில் பொதுவான அளவுகோல். நீங்கள் அதைத் தாண்டி இரண்டு மாதம் ஆகிவிட்டது. "பயிற்சி நன்றாகப் போகிறது என்பதற்கு அடையாளம்" என்று உங்கள் பயிற்சியாளர் சொன்னது தவறு. அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டார். ஒரு தலைமுறையே அப்படித்தான் கற்றுக்கொண்டது. ஆனாலும் தவறு தவறுதான்.

நடப்பது இதுதான். சாப்பாட்டிலிருந்து வரும் சக்தியில் பயிற்சி தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில்தான் இதயம், மூளை, எலும்பு, நோய் எதிர்ப்பு, மாதச் சுழற்சி எல்லாம் ஓட வேண்டும். மிச்சம் போதாதபோது உடல் எதை நிறுத்தி வைக்கலாம் என்று பார்க்கிறது. இதயத்தை நிறுத்த முடியாது. கருமுட்டை உருவாவதைத் தள்ளிப்போடலாம். மூளையின் அடியில் உள்ள ஹைபோதலாமஸ் தன் சமிக்ஞைகளைக் குறைத்துக்கொள்கிறது, சினைப்பை ஓய்ந்துபோகிறது, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது. ஈஸ்ட்ரோஜன் இறங்கினால் எலும்பு கரையத் தொடங்கும். இந்த நிலைக்கு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் ஒரு பெயரே வைத்தது: விளையாட்டில் வரும் ஒப்பீட்டுச் சக்திக் குறைபாடு. ஆண் வீரர்களுக்கும் இது வரும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். நீங்கள் எழுதியனுப்பிய ஒரு நாள் சாப்பாடு தோராயமாக 1500 கலோரி. பளுவும் ஓட்டமும் சேர்ந்து 450 போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 1050. உங்கள் 55 கிலோவில் கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டால், கொழுப்பு நீங்கலாக 44 கிலோ. 1050-ஐ 44-ஆல் வகுத்தால் ஒரு கிலோவுக்கு 24 கலோரி கூட இல்லை. நன்றாக இருக்க 45 வேண்டும். 30-க்குக் கீழே போனால் ஹார்மோன்கள் தடுமாறுவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆளுக்கு ஆள் இந்த எல்லை கொஞ்சம் மாறும் என்றாலும், நீங்கள் எல்லையில் நிற்கவில்லை, வெகுவாக உள்ளே போய்விட்டீர்கள். இது என்ன நடக்கிறது என்று புரிவதற்காகப் போட்ட கணக்கு. தினமும் தட்டின் முன்னால் உட்கார்ந்து போடுவதற்கல்ல. ஏற்கெனவே ஒவ்வொரு கவளத்தையும் எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இன்னொரு எண்ணைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

மேரி கெய்ன் என்ற அமெரிக்க ஓட்டக்காரர் பதின்ம வயதிலேயே தன் நாட்டின் பெரிய நம்பிக்கையாக இருந்தவர். எடையைக் குறை, இன்னும் குறை என்ற நெருக்குதலில் மூன்று ஆண்டுகள் மாதவிடாய் இல்லாமல் இருந்ததையும், ஐந்து எலும்புகள் முறிந்ததையும் அவரே 2019-ல் வெளிப்படையாகச் சொன்னார். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இருபதுகளின் இறுதி வரைதான் எலும்பில் சேமிப்பு ஏறும், அப்புறம் செலவுதான். உங்கள் வயதில் இழப்பதை முழுக்கத் திரும்பப் பெறுவது கடினம். பளு தூக்குவது எலும்பை வலுவாக்கும் நல்ல பயிற்சிகளில் ஒன்று. ஆனால் சாப்பாடு இல்லாமல் பளு மட்டும் எலும்பைக் காப்பாற்றாது.

தோழி கொடுத்த மாத்திரையால் வந்த இரத்தப்போக்கைத் தயவுசெய்து கணக்கில் சேர்க்காதீர்கள். ஹார்மோன் மாத்திரையை நிறுத்தியதும் கருப்பையின் உள்ளுறை உதிர்கிறது, அவ்வளவுதான். உங்கள் மூளையும் சினைப்பையும் மறுபடி பேசிக்கொள்ளத் தொடங்கிவிட்டன என்று அதற்கு அர்த்தமில்லை. நாள்காட்டியில் ஒரு வட்டம் விழுந்ததும் மனசு ஆறிவிடுகிறது, அதுதான் ஆபத்து. தோழி கொடுத்த அந்த மாத்திரையின் அட்டையைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மகப்பேறு மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ இந்த வாரமே பாருங்கள். பட்டினிதான் காரணம் என்று நானே இங்கிருந்தபடி முடிவு கட்டக் கூடாது. கர்ப்பம், தைராய்டு, புரோலாக்டின், சினைப்பை நீர்க்கட்டி எல்லாவற்றையும் பார்த்து ஒதுக்கிய பிறகுதான் அப்படிச் சொல்ல முடியும். எஃப்.எஸ்.எச்., எல்.எச்., எஸ்ட்ராடயால் என்ற ஹார்மோன்கள், இரும்புச்சத்துக்கு ஃபெரிட்டின், வைட்டமின் டி ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாதவிடாய் நின்று ஆறு மாதத்தைத் தொடப்போவதால் எலும்பு அடர்த்திக்கான டெக்ஸா ஸ்கேன் தேவையா என்றும் கேளுங்கள். வீட்டில் சொல்லக் கூச்சமாக இருந்தால் தனியாகவே போகலாம். உங்களுக்கு 21 வயது. நீங்கள் சம்மதிக்காமல் மருத்துவர் உங்கள் பயிற்சியாளரிடமோ குடும்பத்திடமோ எதையும் சொல்லக் கூடாது.

மருத்துவரைப் பார்க்கும் வரை மாலை ஓட்டத்தை நிறுத்துங்கள். சாப்பாட்டைக் கூட்டுங்கள், குறிப்பாகப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் மாவுச்சத்தைக் கூட்டுங்கள். எடை இரண்டு மூன்று கிலோ ஏறலாம், ஏறட்டும். இந்தக் குறைபாடுதான் காரணம் என்றால், சில மாதங்களில் பெரும்பாலும் சுழற்சி திரும்பும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: நின்ற மாதவிடாய் திரும்பும்போது, முதல் இரத்தப்போக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிவரலாம். ஆகவே பீரியட்ஸ் இல்லாத காலத்தில் கருத்தரிக்க முடியாது என்று யாரும் நம்ப வேண்டாம்.

பையில் இருக்கும் அந்த அட்டை

நீங்கள் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்தால் அது சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை. அது கொழுப்பில் ஒரு கிராமைக்கூடக் குறைக்காது. தண்ணீரையும் அதோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும். ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடும் உடம்பில் இது இன்னும் மோசம். உங்கள் விளையாட்டில் எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டே மணி நேரம் முன்பு. வற்றிப்போன உடம்பு அதற்குள் மீளாது, நீங்கள் நடுங்கும் காலோடுதான் மேடை ஏற வேண்டியிருக்கும்.

அப்புறம், இந்த வகை மாத்திரைகள் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருப்பவை. போட்டி இல்லாத நாளில் எடுத்தாலும் குற்றம்தான், ஏனென்றால் வேறு மருந்துகளை மறைக்கவும் இவை பயன்படுகின்றன. உங்கள் சிறுநீரில் எது இருந்தாலும் பொறுப்பு உங்களுடையது என்பதுதான் விதி. அக்கா கொடுத்தார், தெரியாமல் சாப்பிட்டேன் என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை நீக்காது. நான்கு ஆண்டு உழைப்பை இரண்டு முதல் நான்கு ஆண்டுத் தடை விழுங்கிவிடும். இன்றே தூக்கிப் போடுங்கள். கொடுத்தவரிடமும் இதைச் சொல்லுங்கள், அவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

இரும்பு யாரையும் ஆணாக்காது

ஆண் ஹார்மோன் என்று சொல்லப்படும் டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் பெண்களுக்குப் பொதுவாக லிட்டருக்கு 0.1 முதல் 1.8 நானோமோல் வரை இருக்கும். ஆண்களுக்கு ஏறக்குறைய 8 முதல் 29 வரை. இடைவெளியைப் பாருங்கள். பெண்களின் மேல் எல்லையைப் போல நான்கு மடங்குக்கு மேல் இருக்கிறது ஆண்களின் கீழ் எல்லை. பளு தூக்கி முடித்ததும் இந்த ஹார்மோன் கொஞ்சம் ஏறலாம், சிறிது நேரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடும். பளு தூக்கி யாரும் அந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. உங்கள் தசை உங்கள் சொந்தப் பெண் ஹார்மோன்களின் கீழ், நான்கு ஆண்டு உழைப்பில் வளர்ந்தது.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வரலாறு உண்டு. 1970-களிலும் 80-களிலும் கிழக்கு ஜெர்மனியில் பதின்ம வயதுப் பெண்களுக்கு ஆண் ஹார்மோன் சார்ந்த மாத்திரைகளை வைட்டமின் என்று சொல்லிக் கொடுத்தார்கள். குரல் தடித்தது, முகத்தில் முடி வந்தது. அது அரசே அந்தச் சிறுமிகளுக்குச் செய்த கொடுமை. ஆனால் உலகம் மாத்திரையை மறந்துவிட்டு, "விளையாடிய பெண்கள் ஆண்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்" என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது. உங்களுக்குக் குரல் மாற்றமோ, முகத்தில் புதிதாக அடர்ந்த முடியோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கு வேறு காரணங்கள் இருக்கும். பளு அந்தக் காரணமாக இருக்காது.

தசை கொழுப்பாக மாறும் என்பதும் உண்மையில்லை. இரண்டும் வெவ்வேறு செல்கள். பயிற்சியை நிறுத்தினால் தசை சுருங்கும். பழைய அளவிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கொழுப்பு தனியாகச் சேரும். இரண்டும் ஒரே சமயத்தில் நடப்பதால் ஒன்று இன்னொன்றாக மாறியது போலத் தெரிகிறது.

குழந்தை? ஆண்களுக்கு 1896-லேயே ஒலிம்பிக்கில் இருந்த பளு தூக்குதல் பெண்களுக்கு வந்தது 2000-ல், சிட்னியில். அங்கே 69 கிலோ பிரிவில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கிய கர்ணம் மல்லேஸ்வரி அடுத்த ஆண்டே தாயானார். செரீனா வில்லியம்ஸ் 2017-ல் ஆஸ்திரேலிய ஓபனை வென்றபோது வயிற்றில் குழந்தை. இரண்டு பேரின் கதை மருத்துவச் சான்று ஆகாது என்பது சரிதான். ஆனால் பளுத் தூக்குவது கருப்பையைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. கருத்தரிப்பைத் தடுப்பது நீங்கள் குறைத்துச் சாப்பிடும் சாப்பாடுதான், அதுவும் சரிசெய்யக்கூடியது.

செல்பேசிச் செயலி சொன்னது பி.எம்.ஐ., அதாவது உயரத்தையும் எடையையும் மட்டும் வைத்துப் போடும் கணக்கு. அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜியப் புள்ளியியலாளர் கெத்தலே மக்கள்தொகையை ஆராயப் போட்டது. தசை எது, கொழுப்பு எது என்று அதற்குத் தெரியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ரக்பியில் வெண்கலம் வென்ற இலோனா மாஹர், தன் பி.எம்.ஐ. கிட்டத்தட்ட 30 என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்குப்படி அவர் உடல் பருமனின் வாசலில் நிற்கிறார். அந்தச் செயலியை அழித்துவிடுங்கள்.

இனி, தோள்

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். தோளின் அகலத்தில் பெரும் பங்கு காரை எலும்பின் நீளம். அது பட்டினியால் குறையாது. அதன் மேல் உள்ள தசை, பயிற்சியை நிறுத்தினால் சில மாதங்களில் ஓரளவு குறையும். ஆகவே "மறுபடி சிறிதாகுமா?" என்றால், கொஞ்சம் ஆகும், நீங்கள் நினைக்கும் அளவுக்கு ஆகாது.

என் அறைக்கு வரும் வீராங்கனைகள் பலரிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் இரு கைகளையும் குறுக்கே கட்டி, உள்ளங்கைகளால் மேற்கையை மூடிக்கொள்வார்கள். இரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டச் சொன்னால், "கை கொஞ்சம் பெரிசா இருக்கும் டாக்டர்" என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்வார்கள். பட்டையைச் சுற்றும்போது அந்தக் கை என் கைக்குள் எவ்வளவு உறுதியாக இருக்கும்! அந்தக் கைக்காக எதற்கு மன்னிப்பு? எத்தனை விடியற்காலைகள் அதில் இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மூடிக்கொள்கிறாள். எனக்கு அந்த நேரத்தில் வரும் கோபம் அவள் மேல் அல்ல.

பெண் உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்று வெளியில் நின்று அளப்பவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். லினா ராட்கே உலக சாதனையோடு வென்றார். மறுநாள் பத்திரிகைகள் எழுதியதோ, பெண்கள் சுருண்டு விழுந்தார்கள், இது அவர்களுக்கு ஆகாது என்று. ஓடி முடித்தவர்கள் களைத்து நின்றதுதான் அவர்கள் கண்ணில் பட்டது. அந்தப் பந்தயம் மறுபடி ஒலிம்பிக்குக்கு வர 1960 ஆனது. பெண்கள் பலவீனமானவர்கள் என்று அப்போது விலக்கினார்கள். பிறகு பெண்கள் வலுவாக வந்து நின்றபோது, இவர்கள் பெண்கள்தானா என்று கேட்டார்கள். 1966-ல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில் வீராங்கனைகளை ஆடையில்லாமல் மருத்துவர்கள் முன் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். 2014-ல்கூட, ஒரு நாட்டு டென்னிஸ் சங்கத் தலைவர் தொலைக்காட்சியில் செரீனாவையும் அவர் அக்காவையும் "வில்லியம்ஸ் சகோதரர்கள்" என்று கேலி செய்து, அபராதமும் ஓராண்டுத் தடையும் வாங்கினார். உங்கள் சித்தி சொன்னதும் இதே சொல்தான். உலகின் முதல்நிலை வீராங்கனைக்கே விழுந்த சொல் இது. அதனால் வலி குறையாது, எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல் உங்கள் உடம்பில் குறை இருப்பதால் வந்ததல்ல.

நம் மொழியிலேயே ஒன்று இருக்கிறது. பழைய அகப்பாடல்களில் தலைவியின் தோளைப் பாடாத புலவரைத் தேட வேண்டும். பணைத்தோள் என்பார்கள், பருத்த தோள். வேய்த்தோள் என்பார்கள், மூங்கில் போன்ற தோள். தலைவன் பிரிந்த துயரத்தில் சாப்பிடாமல் தோள் மெலிந்து, வளையல் கழன்று விழுந்தால்தான் "அழகு போயிற்றே" என்று தோழி கலங்குவாள். அந்தக் காலம் பெண்களுக்குப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் அவள் அழகை அளந்தது பெரும்பாலும் இன்னொருவர் கண்தான். ஆனால் பருத்த தோள் பெண்ணுக்கு அழகில்லை என்பது ஆதி முதல் இருக்கும் விதி ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் தோள் மெலிந்ததற்குத்தான் அழுதிருக்கிறார்கள்.

இதற்குப் பதிலாக "வலிமையே அழகு" என்ற வாசகத்தை உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது இன்னொரு அளவுகோல். வரி வரியாகத் தெரியும் வயிற்றுத் தசைக்காகப் பட்டினி கிடந்து, மாதவிடாய் நின்று என்னிடம் வந்த பெண்களும் உண்டு. உங்கள் தோள் உங்களுக்கே பிடிக்காத நாள்கள் இருக்கலாம், இருக்கட்டும். கண்ணாடி முன் நின்று அதை நேசித்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. அதற்குச் சோறு போட வேண்டும், அது கட்டாயம்.

அம்மாவிடமும் பயிற்சியாளரிடமும்

அம்மா பேசுவது உங்களைக் காயப்படுத்துகிறது. ஆனால் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், காலை நான்கரை மணிக்கு எழுந்து உங்களைப் பயிற்சிக்கு அனுப்பியவர் அவர்தான் என்று. நான்கு ஆண்டு அனுப்பியவர் இன்று நிறுத்தச் சொல்கிறார் என்றால், நடுவில் நாலு பேர் அவரையும் பேசியிருப்பார்கள். மருத்துவரிடம் போகும்போது, உங்களுக்குச் சம்மதமானால், அம்மாவையும் அழைத்துப் போங்கள். "ஹார்மோன் ஏறிவிட்டதா, குழந்தை பிறக்குமா" என்ற கேள்விகளை அவரே கேட்கட்டும். மகள் சொல்லி நம்பாததை ஒரு மருத்துவர் சொல்லி நம்பிய அம்மாக்களை நிறைய பார்த்திருக்கிறேன். கல்யாணப் பேச்சுக்கு என் கருத்து ஒன்றுதான்: உங்கள் உடம்பைச் சுருக்கிக்கொண்டு வந்தால் ஏற்றுக்கொள்கிறேன் என்பவருக்காகச் சுருங்கினால், வாழ்நாள் முழுக்கச் சுருங்கியே இருக்க வேண்டும்.

சித்தி போன்றவர்களிடம் வாதாட வேண்டாம். "என் உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள் சித்தி, கஷ்டமாக இருக்கிறது" என்று ஒரே ஒரு முறை, சிரிக்காமல், சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். சிரித்துக்கொண்டே சொன்னால் அடுத்த முறையும் பேசுவார்கள்.

பயிற்சியாளர் விஷயத்தில் உங்களுக்குச் சில உரிமைகள் இருக்கின்றன. எந்த எடைப் பிரிவில் போட்டியிடுவது என்பது உங்கள் சம்மதத்தோடு எடுக்க வேண்டிய முடிவு. எடை பார்ப்பதைத் தனியாக வைக்கச் சொல்லலாம். எல்லோர் முன்னிலும் எண்ணைச் சத்தமாக வாசிக்க வேண்டியதில்லை. தோல் மடிப்பைப் பிடித்துக் கொழுப்பு அளப்பதை மறுக்கலாம், சம்மதித்தால் இன்னொரு பெண் உடன் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். 53-க்கு இறங்குவது பற்றி, "சுழற்சி ஒழுங்காகத் திரும்பிச் சில மாதம் ஆகும் வரை எடைக் குறைப்பு பற்றிப் பேசக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்" என்று சொல்லுங்கள், முடிந்தால் எழுத்தில் வாங்கிக் கொடுங்கள். 55 கிலோவிலேயே உடல் தாங்க முடியாமல் ஒரு செயல்பாட்டை நிறுத்திவிட்டது. இன்னும் இரண்டு கிலோ இறக்குவதற்கு மருத்துவராக என் சம்மதம் கிடையாது. நல்ல பயிற்சியாளர் இதைக் கேட்டுக்கொள்வார். கேட்காமல் மிரட்டினாலோ, அணியிலிருந்து நீக்குவேன் என்றாலோ, தேதியும் சொன்ன வார்த்தையும் குறித்து வைத்துக்கொண்டு, சங்கத்தில் வீராங்கனைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் எழுதிக் கொடுங்கள்.

விடுவதா, தொடர்வதா

இதை இப்போது முடிவு செய்யாதீர்கள். சக்தி குறைந்த உடம்பில் மூளையும் சோர்ந்துதான் இருக்கும். தூக்கமில்லை, எரிச்சலாக வருகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் ஒரு பங்கு பசி. சாப்பாட்டின் நினைப்பு நாள் முழுக்க விடாமல் சுற்றினால், சாப்பிட்டபின் குற்ற உணர்வு அழுத்தினால், மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். மனநல ஆலோசகர் ஒருவர் சேர்ந்து பார்ப்பது நல்லது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டு, மருத்துவர் சொல்லும் அளவுக்குப் பயிற்சியைக் குறைத்துக்கொண்டு இருங்கள். அப்புறம் யோசியுங்கள்.

அப்போது விட்டுவிடத் தோன்றினால் தாராளமாக விடலாம். படிப்புக்காக விடலாம், வேலைக்காக விடலாம், சலித்துப்போய்விட்டது என்றும் விடலாம். ஒரு புகைப்படத்துக்காக விட வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். உங்கள் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியை எழுதி அடித்திருக்கிறீர்கள், ஆனாலும் படிக்க முடிந்தது: "கம்பி தலைக்கு மேலே நிற்கும் அந்த இரண்டு நொடி எனக்கு வேறு எந்தச் சத்தமும் கேட்காது." முடிவு எடுக்கும் நாளில் அந்த வரியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் வலித்தாலோ, பாதத்தில் ஓய்விலும் வலி இருந்தாலோ, அது எலும்பில் விழுந்த மெல்லிய விரிசலாக இருக்கலாம். பளுவைத் தொடாமல் மருத்துவரிடம் போங்கள். மயக்கம் வந்தாலோ, இதயம் தாறுமாறாகத் துடித்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பரிசோதனை முடிவுகள் வந்ததும் எண்களோடும், கடைசியாக மாத்திரை இல்லாமல் மாதவிடாய் வந்த தேதியோடும் மறுபடி எழுதுங்கள்.